101 என்ற பெயரில் ஒரு கோப்பு

ஜூலை 2, புதன்

காலை ஒன்பதரைக்கு முட்டைகளை அடைகாக்கும் மெஷினுக்குள் ஏற்றினோம். பத்தொன்பதாயிரத்து இருநூறு. இன்றிலிருந்து இருபத்தோராம் நாள் குஞ்சு. முதலாளியம்மா மெஷின் கதவுக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டினார். போன தடவையும் காட்டினார்தான்.

போன தடவையைப் பற்றி ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன், பிறகு அந்தப் பேச்சே வேண்டாம். ஜூன் 14 மதியம் மெஷின் காற்றாடியின் பெல்ட் அறுந்தது. மூன்று மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே சூடு 106 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறி, ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. மெஷின் ஆபரேட்டர் மாரப்பன் பதினாலு வருஷமாக இங்கே இருந்தவர். அன்றோடு அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். சூடு ஏறினால் அவர் போனுக்கு மெசேஜ் போகும்படி கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் பதினெட்டு மெசேஜ் போயிருக்கிறது. ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.

இப்போது ஈரோட்டிலிருந்து பரமசிவம் என்று ஒருவர் வந்திருக்கிறார். மெஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணாலேயே சூட்டைப் பார்த்து எழுதுகிறார். இந்த இருபத்தொரு நாளும் ஒழுங்காகப் போனால் அவர் நிரந்தரம். மாரப்பனுக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஆபீஸ் என்றால் நான்தான். கடிதம், டெலிபோன், கம்ப்யூட்டர் எல்லாம். முதலாளியம்மா இன்று எனக்கு ஒரு வேலை சொன்னார்: "பொன்மணி, அந்த மெசேஜு இனி எம்போனுக்கும் வரோணும். குஞ்சு வரதுக்குள்ள போட்டுரு கண்ணு." மாரப்பன் நம்பரை எடுத்ததிலிருந்து அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. நாளைக்குப் போட்டுவிடுகிறேன்.

ஜூலை 3, வியாழன்

முதலாளியம்மா நம்பரைப் போடத்தான் அந்தச் சின்னக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். போடவில்லை, வேறொன்றில் மாட்டிக்கொண்டேன்.

உள்ளே ஒரு கோப்பு இருக்கிறது. பெயர் 101. வெறும் எண்தான், வேறு பெயரில்லை. யாரோ மொய் எழுத வந்து பெயரை மறந்து தொகையை மட்டும் எழுதிவிட்டுப் போனதுபோல. திறந்தால் ஒன்றுமில்லை, ஓர் எழுத்துகூட இல்லை. அழித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் மறுபடி இருக்கிறது.

எனக்கு இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் சோறு வேண்டாம்.

ஜூலை 4, வெள்ளி

நான்கு முறை அழித்தேன். நான்கு முறையும் வந்துவிட்டது. அதிகபட்சம் பத்து நிமிடம்.

ஜூலை 5, சனி

பத்து நிமிடம் என்பதுதான் துப்பு. இந்தக் கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நடப்பது ஒரே ஒரு காரியம், சூடு பார்க்கும் ஸ்கிரிப்ட். எனக்கு முன்னால் இருந்த ஜோதிலிங்கம் எழுதியது. அவர் கோயமுத்தூர் போய் இரண்டு வருஷமாகிறது.

ஸ்கிரிப்ட் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சமையலறையில் நாம் செய்வதுதான். பால் பொங்கினால் அடுப்பைக் குறை, இல்லாவிட்டால் சும்மா இரு. இங்கே பாலுக்குப் பதில் சூடு. மெஷினுக்குள் சாதாரணமாக 99, 100 டிகிரி இருக்கும். 101-க்கு மேலே போனால் மெசேஜ் அனுப்பு, போகாவிட்டால் பதிவேட்டில் 'சரி' என்று எழுது. இஃப், தென், எல்ஸ் என்று மூன்று சொல். கடைசியில் இஃபைத் திருப்பிப் போட்டு ஃபை என்று எழுதி மூட வேண்டும். கதவைத் திறந்தவர் மூடிவிட்டுப் போக வேண்டும் என்பதுபோல ஒரு மரியாதை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

நான் படித்தது பி.எஸ்சி. வேதியியல். இதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது. மே 28-ஆம் தேதி பழைய சென்சாரை எடுத்துப் புதுசு மாட்டினார்கள். பழையது 99, 100 என்று முழு எண் கொடுக்கும். புதுசு 99.6 என்று புள்ளி வைத்துக் கொடுத்தது. ஸ்கிரிப்டுக்கு அது பிடிக்கவில்லை. முழு எண் வேண்டும், முழு எண் வேண்டும் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை புலம்பியது. நான்தான் உட்கார்ந்து அந்த வரியை மாற்றினேன். அப்புறம் ஒரு புலம்பலும் இல்லை. ஜோதிலிங்கத்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன், "பரவால்லியே மேடம்" என்றார்.

மகளுக்கு யூனிபார்ம் பாவாடை நீளம் இறக்கிக் கொடுத்தேன். ஒரே வருஷத்தில் நான்கு விரற்கடை வளர்ந்திருக்கிறாள். அவள் அப்பா நவம்பரில்தான் போர்வெல் ரிக் வண்டி வேலையிலிருந்து வருவார். பார்த்தால் அசந்துபோவார்.

ஜூலை 7, திங்கள்

மதியம் வழக்கம்போல சரசுவோடு சாப்பாடு. சரசு மாரப்பனின் மனைவி, இங்கே முட்டை தரம் பிரிக்கும் வேலை. புருஷனை நிறுத்திய பிறகும் அவள் நேரம் தவறாமல் வருகிறாள், அதே மூலையில் எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைக்கிறாள். நான் கொண்டுபோன கத்தரிக்காய் வாயில் வைக்க விளங்கவில்லை. அவளுடைய கொள்ளுப் பருப்பை நான்தான் பாதி காலி செய்தேன்.

"ஊட்ல சும்மா இருக்க முடியலீங் அம்மிணி அவரால. தொட்டதுக்கெல்லாம் கோவம்" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "அந்தப் போனு இருக்குதே, மே மாசக் கடைசில நாலு நாளு ராவும் பகலும் கத்துச்சுங்க. கத்திக் கத்தி அதுவா அடங்கிருச்சு."

புதுசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். கொள்ளுப் பருப்புக்குப் பூண்டு தட்டிப் போட வேண்டுமாம், அரைக்கக் கூடாதாம்.

ஜூலை 8, செவ்வாய்

முதலாளியம்மா நம்பர் இன்னும் போடவில்லை. சிம் கார்டில் காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

ஒரு மாற்று சென்சார் என் மேஜை டிராயரில் கிடந்தது. அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, மெசேஜ் என் போனுக்கு வரும்படி வைத்துக்கொண்டு, சோதித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். சரசுவும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து உட்கார்ந்தாள்.

முதலில் டீ டம்ளரில் வைத்தேன். 132.4. "எச்சரிக்கை, சூடு அதிகம்" என்று மெசேஜ் வந்தது. சரி. கையில் பிடித்தேன். 94.1. "எச்சரிக்கை, சூடு அதிகம்." மின்விசிறிக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். 88.2. "எச்சரிக்கை, சூடு அதிகம்."

"என்னோட மோருல வெச்சுப் பாருங்" என்றாள் சரசு. பானையில் வைத்துக் கொண்டுவந்த மோர், சில்லென்று இருந்தது. சென்சாரைத் துடைத்து அதில் விட்டேன். 71.5. போன் அதிர்ந்தது. எச்சரிக்கை, சூடு அதிகம்.

சரசு சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. மோருக்குக் காய்ச்சல் என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு அவள் தூக்கை மூடிக்கொண்டே கேட்டாள்.

"மோருக்கே சூடுங்குதே அம்மிணி. அப்ப அவருக்கு வந்ததெல்லாம்?"

பார்க்க வேண்டும் என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் மோர் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். முதலில் அதை எழுதுகிறேன், அழகான விஷயம் அது.

வரி இப்படி இருக்கிறது:

if [ $soodu > 101 ]

பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் யாரும் இதை எப்படிப் படிப்பார்கள்? சூடு 101-ஐ விடப் பெரியதா என்று. ஆனால் ஸ்கிரிப்டைப் படித்து வேலை நடத்தும் ஷெல்லுக்கு அந்த வாய் பிளந்த குறி 'விடப் பெரியது' அல்ல. 'இதில் ஊற்று' என்று அர்த்தம். வலது பக்கம் என்ன பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரில் ஒரு கோப்பைத் திறந்து அதில் ஊற்று. சூடு 101-ஐத் தாண்டியதா என்று கேட்டதாக ஆள் நினைத்துக்கொண்டிருக்க, அது 101 என்ற பெயரில் ஒரு கோப்பைத் திறந்துவைத்து, ஊற்ற ஒன்றும் இல்லாமல் மூடிவிடுகிறது. மிச்சம் இருப்பது 'சூடு' மட்டும். சூடு என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறது. இருக்கிறது. அப்படியானால் உண்மை, மெசேஜ் அனுப்பு. டீயானாலும் அனுப்பு, மோரானாலும் அனுப்பு.

தப்பென்று அது சொல்லவும் சொல்லாது. கேட்டதைச் செய்தாகிவிட்டதே, எதற்குப் புலம்ப வேண்டும்?

பதிவேட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். மே 28 காலை பதினொரு மணி வரை 'சரி', 'சரி', 'சரி'. அதற்குப் பிறகு 'சரி' என்று ஒரே ஒரு வரிகூடக் கிடையாது. எல்ஸ் பக்கம் அது போகவே இல்லை.

ஜோதிலிங்கத்தின் பழைய ஸ்கிரிப்டை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் அன்று மாற்றியிருக்கிறேன். அதில் அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். எண்ணை ஒப்பிட ஷெல்லில் தனியாக ஒரு சொல் உண்டு, -gt என்று. அதை எடுத்துவிட்டு இந்தக் குறியைப் போட்டது யார் என்று எழுத வேண்டியதில்லை.

ஜூலை 12, சனி

பத்தாம் நாள். விளக்கின் மேல் முட்டையை வைத்துக் கரு பிடித்திருக்கிறதா என்று பார்த்தோம். சிவப்பு நரம்புகள் சிலந்திபோலப் பரவியிருக்கின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. பரமசிவம் வாயெல்லாம் பல்லாக நின்றார். சரசு ஒவ்வொரு முட்டையையும் விளக்கில் வைத்து எடுத்தாள்.

மதியம் ஸ்கிரிப்டைச் சரிசெய்தேன். வருகிற எண்ணிலிருந்து புள்ளியை எடுத்துவிட வேண்டும், 99.6 என்பது 996 ஆகிவிடும். 101-க்குப் பதில் 1010 என்று வைத்து, -gt போட்டு ஒப்பிட வேண்டும். இரண்டே வரி. மோர் சோதனையில் 'சரி' என்று வந்தது, டீயில் மெசேஜ் வந்தது. முதலாளியம்மா நம்பரையும் பரமசிவம் நம்பரையும் போட்டேன். 101 என்ற கோப்பை அழித்தேன். பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். திரும்பி வரவில்லை.

இனி யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. மாலையில் மகளை அழைத்துக்கொண்டு கடைவீதி போய்ப் பரோட்டா சாப்பிட்டோம்.

ஜூலை 14, திங்கள்

பல் வலி என்று சொல்லி மதியம் மேஜையிலேயே சாப்பிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு ஆபரேட்டர் போனை நம்பியா மெஷின் ஓட்டுவது? பதினாலு வருஷ அனுபவம். பக்கத்து அறையில் ட்ரே கழுவிக்கொண்டிருந்தாலும் ஒரு எட்டு வந்து கையை வைத்துப் பார்த்திருக்கலாம். பெல்ட் அறுந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் பெல்ட்டை அறுக்கவில்லை.

முதலாளியம்மா கேட்டது ஜூன் 14, பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை. அதை மட்டும்தான் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பதினெட்டு வரி. கேட்டதைக் கொடுத்தேன்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஷெல்லைப் பற்றி வெள்ளிக்கிழமை நான் எழுதியது நினைவுக்கு வந்தது. நோட்டை மூடுகிறேன்.

ஜூலை 17, வியாழன்

மாரப்பனுக்கான கடிதத்தை முதலாளியம்மா சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். "எச்சரிக்கைகள் வந்தும் கவனக்குறைவாக இருந்த காரணத்தால்" என்று ஒரு வரி. நாளைக்கு மாலை வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்றார். மூன்று நகல்.

ஜூலை 18, வெள்ளி

நாலு மணிக்கு மாரப்பன் வந்தார். முதலாளியம்மா கலெக்டர் ஆபீஸ் போய் இன்னும் திரும்பவில்லை. எதிர் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருக்கிறார். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார்.

கடிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து என் மேஜையில் வைத்தார். பட்டன் போன், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது.

"ஒரு ஒதவிங் மேடம். இதுல இருக்கற மெசேஜெல்லாம் அழிச்சுக் குடுங்க. எடமில்லைன்னு காட்டுது. புள்ள காலேஜு ஆஸ்டல்ல இருந்து அனுப்பறது ஒண்ணும் வர மாட்டேங்குதுங்க."

வாங்கிப் பார்த்தேன். பெட்டி நிறைந்துவிட்டது என்று மேலே ஒரு கடித உறைப் படம் மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தது. அந்தப் போனில் ஐந்நூறு மெசேஜுக்குத்தான் இடம். ஐந்நூறும் எங்கள் மெஷின் அனுப்பியது. எச்சரிக்கை, சூடு அதிகம். எச்சரிக்கை, சூடு அதிகம். கடைசி மெசேஜின் தேதியைப் பார்த்தேன். மே 31.

பதிவேட்டில் ஜூன் 14 அன்று அந்த மூன்று மணி நேரத்தில் பதினெட்டு போயிருக்கிறது. இந்தப் போனுக்கு ஒன்றுகூட வரவில்லை. வர இடமில்லை.

"மெசேஜு நின்ன பொறவு நீங்க ஏன் எங்கிட்டச் சொல்லலீங்க?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க சொல்றது? மொத நாளே வந்து சொன்னனே, சும்மா சும்மா கத்துதுன்னு. சென்சாரு புதுசு, நாலு நாள்ல சரியாயிரும், கண்டுக்காதீங்கன்னு நீங்கதான சொன்னீங்க. சொன்னாப்பல நாலு நாள்ல நின்னுருச்சு. மேடம் சரி பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்."

ஆமாம், சொன்னேன். மே 28 மதியம், இதே மேஜையில், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். இந்த நோட்டில் இதுவரை அதை எழுதவில்லை.

"இத முதலாளியம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அவிய பேப்பரு காட்டுனாங்களே. பதினெட்டு மெசேஜு, மணியோட போட்டிருந்துச்சு. பேப்பர்ல இருக்கறப்ப நா என்னத்தச் சொல்றதுங்க? எங்கண்ணுதான் பாக்காம உட்ருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மாதமாக அந்த மனிதர் தன் கண்ணைத் திட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் அழிக்கவா என்று போன் கேட்டது. ஆம், இல்லை. என் கட்டைவிரல் ஆம் மேலேதான் இருந்தது. கேட்டவரே அவர். அழித்தால் பெட்டி காலி, மகளின் மெசேஜ் வரும், அவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். மே 31 என்ற தேதி உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

"போன் இங்கயே இருக்கட்டுங்க. நாளைக்குத் தரேன்" என்றேன். "கையெழுத்தும் இன்னைக்கு வேண்டாம். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க."

ஆகட்டுமுங்க என்று எழுந்து போனார். ஏன் என்று கேட்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் அவர் ஏன் என்று கேட்பதே இல்லை.

ஜூலை 19, சனி

ஒன்பது மணிக்கு முன்பே போய், மே 28 முதல் ஜூன் 14 வரை பதிவேடு முழுவதையும் பிரின்ட் எடுத்தேன். ஐம்பத்திரண்டு தாள். இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் எச்சரிக்கை. அதையும் மாரப்பன் போனையும் முதலாளியம்மா மேஜையில் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். என்ன மாற்றினேன், மாரப்பனிடம் என்ன சொன்னேன், பதினெட்டு வரியை மட்டும் ஏன் கொடுத்தேன் என்பது வரை.

முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இத்தன நாளா சூடாவா இருந்துச்சு?" என்றார்.

"இல்லீங்க. ஒரு நாளும் இல்லீங்க. அன்னைக்கு மட்டுந்தானுங்க."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"எட்டு நாளாச்சுங்க."

"முந்தாநேத்து எங்கூட ஒக்காந்து லெட்டர் அடிச்சியே."

"அடிச்சேனுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கடிதத்தின் மூன்று நகலையும் எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"மாரப்பன்கிட்ட நீயே சொல்லு. என்ற வாயால சொல்றதுக்கு எனக்கே வெக்கமா இருக்குது. உன்ன என்ன பண்றதுன்னு குஞ்சு வந்த பொறவு பாக்கலாம்."

பத்து மணிக்கு மாரப்பன் வந்தார். சொன்னேன். அவருக்கு ஸ்கிரிப்ட் புரியவில்லை, குறி புரியவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். "அப்ப எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே வரலீங்களா? நா பாக்காம உட்டதில்லீங்களா?" இல்லை என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறைதான் அவர் காதில் விழுந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷின் அறைப் பக்கம் போய் நின்றார்.

பிறகு அவர் போனில் இருந்த ஐந்நூறையும் அழித்தேன். ஒரு நிமிடத்தில் அவர் மகளிடமிருந்து நேற்றைய மெசேஜ் ஒன்று வந்து விழுந்தது. "அப்பா, சாப்பிட்டீங்களா?"

சரசு மதியம் எனக்கு இடம் போடவில்லை. அது நியாயம்தான்.

ஜூலை 20, ஞாயிறு

பதினெட்டாம் நாள். முட்டைகளைக் குஞ்சு பொரிக்கும் மெஷினுக்கு மாற்றினோம். சென்சாரும் கூடவே மாறியது. மாரப்பன் காலை ஆறரைக்கே வந்துவிட்டார். பரமசிவத்தைக் கோழிப் பண்ணைப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள், அவருக்கும் அங்கே நிரந்தரம்தானாம். மெசேஜ் போக வேண்டிய நம்பர்கள் மூன்று: மாரப்பன், முதலாளியம்மா, நான். என் நம்பரை நானே சேர்த்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

'சரி', 'சரி', 'சரி'. மூன்று போனிலும் ஒரு சத்தமும் இல்லை. மாரப்பன் அடிக்கடி போனை எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். இந்த அமைதி நிஜமான அமைதியா என்று கேட்க வாய் வராமல் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் முன்னாலேயே மாற்று சென்சாரை இணைத்து டீக்குள் வைத்துக் காட்டினேன். அவர் போன் அடித்தது. மோருக்குள் வைத்தேன். அடிக்கவில்லை. மோர் சரசு கொடுத்தது. கேட்டதும் கொடுத்தாள், என்னோடு பேசவில்லை.

ஜூலை 23, புதன்

காலை எட்டு மணிக்கே முட்டைகள் கீறத் தொடங்கிவிட்டன. கதவில் காதை வைத்தால் கீச் கீச்சென்று ஒரு சந்தையே கேட்கிறது. முதலாளியம்மா ஆபீஸ் வழியாகப் போகும்போது நின்று, "வெள்ளிக்கெழம அடுத்த முட்ட வருது. வண்டி நம்பர எழுதி வெச்சுக்க" என்றார். வெள்ளிக்கிழமையும் நான் இங்கே இருப்பேன் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

பதினொன்றே முக்காலுக்கு என் போன் அடித்தது. எச்சரிக்கை, சூடு அதிகம். 101.3.

குஞ்சுகள் ஒரேயடியாக வெளியே வந்தால் அவற்றின் உடம்புச் சூடே மெஷினை ஏற்றிவிடும் என்று எனக்குத் தெரியாது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். நடைவழி முழுக்க ஈரம், வழுக்கியது. மறுமுனையிலிருந்து முதலாளியம்மாவும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வேக வேகமாக வந்துகொண்டிருந்தார்.

மாரப்பன் எங்களுக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். காற்றுப்போக்கி திறந்திருந்தது. ஒரு கையால் கதவின் வெப்பத்தைத் தொட்டுப் பார்த்தபடி, மறுகையில் ரப்பர் பேண்ட் போட்ட போனோடு நின்றார். சூடு ஏற்கெனவே 100.4-க்கு இறங்கியிருந்தது.

எங்கள் இருவரையும் பார்த்து, "மெசேஜு வந்துச்சுங்களே" என்றார்.